விளக்கில்லாத மூன்றாம் கண்

சிவப்பு விளக்கு எரிந்தபோது பவித்ரனின் வாய் நிறைய தேங்காய்ப்பால் செண்டோல் இருந்தது. இல்லாவிட்டால் அவன் போட்டிருக்கும் கூச்சல் தாப்பா பஸ் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“நகரவே இல்லக்கா,” என்றான், விழுங்கிவிட்டு. “காடி நகரவே இல்ல. நான் டயரத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த மீனாள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஈப்போவில் ஒரு துணிக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் அவள். அதற்கு முன் இருபது வருடம் காப்புறுதி நிறுவனங்களுக்காக வாகன விபத்துகளை விசாரித்தவள். பொய் சொல்கிற பம்பரைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். பவித்ரன் இழுவை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அவளுக்கு உதவியாளன். உதவியாளன் என்பது அவன் சொல்லிக்கொள்வது. சம்பளச் சீட்டில் டிரைவர் என்றுதான் இருந்தது.

அன்று ஆயுத பூஜை, ஞாயிற்றுக்கிழமை. ஒரு செண்டோலும் ஒரு மணி நேரமும் என்று பேரம் பேசி அவளை ஏழாங்கட்டைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்திருந்தான். தோட்டம் என்பது பேருக்குத்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடுகள் வரப்போகின்றன என்று சாலையை மட்டும் போட்டார்கள். வீடுகள் வரவில்லை. கோடு கிழித்தது போன்ற அந்தச் சாலையில் இப்போது மாதம் ஒரு ஞாயிறு, முறையாக அனுமதி வாங்கி, இருநூற்றொரு மீட்டர் கார்ப் பந்தயம் விடுகிறார்கள்.

பொரி உருண்டை விற்கும் மேசையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் தலைக்கவசம். முகம் வியர்வையில் குளித்திருந்தது. சற்று முன் சிவப்பு வாங்கிய தினேஸ்வரி அவள்தான். பவித்ரனுக்குப் பழைய பட்டறைத் தோழி.

“மச்சான், உங்க மீனாள் அக்கா இவங்கதானே?” என்றாள். “அக்கா, எனக்கு அரை மணி நேரந்தான் இருக்கு.”

“எதுக்கு?”

“ஆட்சேபம் எழுதிக் குடுக்க. இது இந்த வருசம் எனக்கு மூணாவது சிவப்பு. மொத ரெண்டும் என் தப்புதான், ஒத்துக்கிறேன். மூணாவது வாங்கினா காடிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு பட்டறை முதலாளி சொல்லிட்டாரு. அந்த எஞ்சின நான் என் கையால கட்டினேன்கா. ரெண்டு வருசம். ரேஸுக்குப் பயந்து அம்மா என்கிட்ட பேசறதையே விட்டுட்டாங்க. இந்தத் தடவ நான் பிரேக்குலேர்ந்து கால எடுக்கவே இல்ல.”

“பின்ன யாரு வேலைன்னு நெனைக்கிற?”

தினேஸ்வரி பக்கத்துப் பாதையைப் பார்த்தாள். அங்கே வெள்ளை சத்ரியா காடியின் மேல் சாய்ந்து ஒரு இளைஞன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். “ஷர்வின். அரையிறுதில எனக்கு எதிரா ஓடினவன். நேரம் பார்க்கிற ஜெயபாலன் அண்ணனும் அவனும் ஒரே தாமான்ல குடியிருக்காங்க. வேற என்ன வேணும்?”

மீனாள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். குடையை மடக்கினாள். அவள் குடையை மடக்கினால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பவித்ரன் மிச்ச செண்டோலை ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

“நடந்துகிட்டே சொல்லு,” என்றாள் அவனிடம். “அந்த விளக்கெல்லாம் என்ன கணக்கு?”

“நடுவுல நிக்குதே கம்பம், அத மரம்னு சொல்வோம். தரையில ரோட்டோரமா சின்னச் சின்னப் பெட்டி இருக்கு பாருங்க. பெட்டியில கண்ணு. ரோட்டுக்குக் குறுக்கால ஒளிக்கோடு போகும், நமக்குத் தெரியாது. முன் டயர் மொதக் கோட்ட மறைச்சா மரத்து உச்சியில சின்ன விளக்கு எரியும். கிட்ட வந்துட்டேன்னு அர்த்தம். இன்னும் ஒரு சாணுக்கும் கம்மியா ஊர்ந்து போனா ரெண்டாவது கோடு. ரெண்டாவது விளக்கு. அங்க நிறுத்தணும்.”

“நிறுத்திட்டா?”

“ரெண்டு காடியும் நின்னதும் ஜெயபாலன் அண்ணன் பட்டன அமுக்குவாரு. மஞ்சள் மூணு, அரை விநாடிக்கு ஒண்ணா எறங்கும். அப்புறம் பச்ச. மெதுவான காடிக்குக் கொஞ்சம் முன்னாடியே எறங்கும், அதுதான் இங்க சலுகை. ஆனா கடிகாரம் பச்சையப் பார்த்து ஓடாது. டயர் ரெண்டாவது கோட்ட விட்டு எப்ப விலகுதோ அப்பத்தான் ஓட ஆரம்பிக்கும். பச்சைக்கு முன்னாடியே விலகிட்டா சிவப்பு. ஆட்டம் முடிஞ்சிச்சு.”

“பச்ச எரிஞ்சும் தூங்கிட்டா?”

“தாராளமா தூங்கலாம்லா, கடிகாரம் ஓடாது. பக்கத்துக் காடிதான் வீடு போய்ச் சேர்ந்து குளிச்சிட்டு உக்காந்திருக்கும்.”

மீனாள் கயிற்றருகே நின்றாள். அதைத் தாண்டிப் போக யாருக்கும் அனுமதியில்லை. பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு பாதையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“நீ ரெண்டு கண்ணு சொன்ன. இந்தப் பக்கம் மூணு பெட்டி இருக்கு.”

பவித்ரன் தலையைச் சொறிந்தான். “அது காவல் கண்ணுக்கா. ரெண்டாவதுக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல, முன்னாடி இருக்கும். சில பேரு காடிக்கு அடியில தகரத்தத் தொங்க விடுவானுங்க. டயர் போனப்புறமும் தகரம் ரெண்டாவது கோட்ட மறைச்சிக்கிட்டே இருக்கும், கடிகாரம் லேட்டா ஓடும். அந்தத் திருட்டப் புடிக்கத்தான் இது. இது மறைஞ்சா, காடி போயிடுச்சுன்னு மெஷின் முடிவு பண்ணிடும்.”

“அதுக்கு மரத்துல எந்த விளக்கு?”

“அதுக்கு விளக்கு கிடையாது. நெத்திக்கண்ணு மாதிரி. தொறந்தாத்தான் தெரியும், தெரிஞ்சப்ப ஆள் சாம்பல்.”

அவன் சிரித்த சிரிப்பில் மீனாள் கலந்துகொள்ளவில்லை. மரத்தின் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஜெனரேட்டரில் சந்தனம், குங்குமம். இழுவை லாரி, தீயணைப்பான், ஜெயபாலனின் பிளாஸ்டிக் நாற்காலி என்று ஒன்று விடாமல் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள்.

“காலையிலேயே இப்படி இருந்துச்சா?” என்று தினேஸ்வரியிடம் கேட்டாள்.

“காலையில பேனருக்கு மட்டும் மாலை போட்டாங்கக்கா. இதெல்லாம் மத்தியானம் நாங்க எல்லாரும் கூடாரத்துல சாப்பிடறப்ப நடந்திருக்கு. திரும்பி வந்தா காடிக்கும் பொட்டு வெச்சிருந்துச்சு.”

“சாப்பாட்டுக்கு அப்புறம் மொத ஓட்டம் யாரு?”

“நாங்கதான். அப்புறம் யாரும் ஓடல. ஆட்சேப நேரம் முடியற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காங்க.”

ஜெயபாலன் நாற்காலியில் நீதிபதி போல அமர்ந்திருந்தார். இந்தப் பந்தயத்தில் விளக்குப் பட்டனும் அவர் கையில், தீர்ப்பும் அவர் கையில். தோளில் பூத்துண்டு. பவித்ரன் தன் கைப்பேசியில் எடுத்திருந்த ஓட்டத்தின் படத்தை நீட்டினான். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

“தம்பி, விரல்கடை தூரத்த நீ போன்ல அளப்பியா? என் மெஷின் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்குது. சிவப்புன்னா சிவப்பு.”

“உங்க துண்டு சந்தனமா இருக்கேண்ணே,” என்றாள் மீனாள்.

“பூஜை நாள்மா. சந்தனமா இல்லாம சாம்பாரா இருக்கும்?”

சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். பவித்ரனுக்குக் காது சூடானது. பேச்சில் தன் முதலாளியம்மாவை வேறு யாராவது மடக்கினால் அவனுக்குப் பொறுக்காது. அது தன் உரிமை என்று நினைப்பவன். ஆனால் மீனாள் கோபப்படவில்லை. நேராகத் தினேஸ்வரியின் பழைய நீலக் கஞ்சில் காடிக்குப் போய், கதவைத் திறந்து, முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டுவிட்டாள். நல்ல பட்டுச் சேலை. பவித்ரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

“இங்க வா. என்ன தெரியுது?”

அவனும் தலையை நுழைத்தான். ஸ்டியரிங்கில் பொட்டு இல்லை. கியரில் இல்லை. வேகம் கூட்டும் எண்ணெய்ப் பெடலில் இல்லை. பிரேக் பெடலில் மட்டும் மூன்று விரல் சந்தனமும் வட்டமான குங்குமமும் மிதிபட்டு மங்கியபடி இருந்தன.

“ரேஸ் காடியில எவன்கா பிரேக்குக்குப் பொட்டு வெப்பான்?” என்றான். “கோழிப் பண்ணைக்காரன் நரிக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு.”

“போய் ஷர்வின் காடியப் பாரு.”

பவித்ரன் போனான். ஷர்வின் முறைத்தான். பிறகு தினேஸ்வரி தூரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, தானே கதவைத் திறந்துவிட்டான். பவித்ரன் திரும்பி வந்தபோது அவன் நடையில் அவசரம் இருந்தது.

“அங்கயும் பிரேக்குதான்கா. அதே மூணு விரல். அதே கை.”

மீனாள் சேலையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “இன்னும் எத்தன நிமிசம்?”

“ஒம்பது.”

அவள் நேராக ஷர்வினிடம் போனாள். “தம்பி, எனக்காக ஒரு தடவ கோட்டுக்குப் போவீங்களா? தனியா. உங்க பாதையில, உங்க காடியில.”

“எதுக்கு ஆன்ட்டி?”

“நீங்க திருடலைன்னு எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கும் தெரியட்டுமே.”

ஷர்வின் தலைக்கவசத்தை எடுத்தான். “அவ நகராம எனக்குக் கெடைச்ச ஜெயம் எனக்கும் தொண்டையில முள்ளு மாதிரிதான் இருக்கு. வாரேன்.”

ஜெயபாலன் ஒத்துக்கொள்ள மறுத்தார். மீனாள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூட்டத்துக்குக் கேட்கும்படி பேசினாள். “சரியான மெஷின் எத்தன தடவ கேட்டாலும் ஒரே பதிலத்தான் சொல்லும். ஒரு தடவ கேட்டுப் பார்க்க என்ன பயம்ண்ணே?” பயம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு வேறு வழியில்லாமல் போனது. பட்டன் பெட்டியைக் கையில் எடுத்தார்.

சத்ரியா ஊர்ந்து வந்தது. முதல் சின்ன விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்சம் ஊர்ந்து இரண்டாவதையும் எரிய வைத்து நின்றது. “எஞ்சின நிறுத்துங்க,” என்றாள் மீனாள். ஷர்வின் நிறுத்தினான். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். பொரி உருண்டை விற்றவர்கூட மேசையை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஜெயபாலன் பட்டனை அமுக்கினார்.

மஞ்சள் எரிவதற்குள் சிவப்பு எரிந்தது.

எஞ்சின் நின்றுபோன காடி, ஓட்டுநரின் இரண்டு கையும் வெளியே, மெஷினோ அவன் பச்சைக்கு முன்பே பாய்ந்துவிட்டான் என்று சாதித்துக்கொண்டிருந்தது.

“இப்ப அந்தப் பெட்டியத் திருப்பிப் பாருங்க,” என்றாள் மீனாள். “மூணாவது. விளக்கில்லாதது.”

ஜெயபாலன் குனிந்து பார்த்தார். பெட்டியின் வட்டக் கண்ணின் மேல், காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும், நெற்றிக்கு வைத்தது போலப் பாந்தமாக இருந்தன. எதிர்ப் பாதையின் மூன்றாவது பெட்டியிலும் அப்படியே.

“யாரோ அன்பா எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சிருக்காங்க,” என்றாள் மீனாள். “பெட்டியில ஒரே ஒரு வட்டம் இருந்தா கை அங்கதான் போகும். ரெண்டு பக்கமும் மூணு மூணு கண்ணுக்கும் வெச்சிட்டாங்க. சாப்பிட்டுட்டு வந்தப்ப, காடியே இல்லாம மரத்துல சின்ன விளக்கெல்லாம் எரிஞ்சிருக்கும். அண்ணன் என்னடா அழுக்குன்னு துண்டால தொடைச்சிருக்காரு. விளக்கு அணைஞ்சிச்சு, வேலை முடிஞ்சிச்சுன்னு வந்துட்டாரு. மூணாவது கண்ணுக்குத்தான் விளக்கே இல்லையே. அது எரியல, அதனால அத யாரும் தொடைக்கல.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன்கா சிவப்பு?” என்று தினேஸ்வரி கேட்டாள்.

பவித்ரனுக்கு அது பளிச்சென்று புரிந்தது. அக்காவுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையும் வந்தது. “ஒன்னோடது மெதுவான காடி. ஒனக்குத்தான் மொதல்ல விளக்கு எறங்கும். ஒன் பக்கம் சிவப்பு விழுந்ததும் ஆட்டம் முடிஞ்சிச்சுன்னு மெஷின் அவன் பக்கம் பார்க்கவே இல்ல. அவன் மெதுவான காடியில வந்திருந்தா அவன் மாட்டியிருப்பான்.”

மீனாள் தலையசைத்தாள். சம்பளச் சீட்டு மாறும் என்று பவித்ரனுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

ஜெயபாலன் நிமிர்ந்து நின்றார். தன் தப்பு ஊரறிய வெளியான மனிதருக்கு இனி சட்டப் புத்தகத்தைத் தவிர வேறு துணை இல்லை. “சரி. ஆனா எட்டாவது விதி இருக்கு. ஓட்டுறவங்களோட ஆளுங்க யாராச்சும் நேரக் கருவியத் தொட்டா, அந்த ஓட்டுநர் வெளிய போகணும். பொட்டு வெச்சது யாரு? அது தெரியாம நான் எதையும் மாத்தமாட்டேன்.”

பவித்ரன் மீனாளைப் பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில் அவள் விரலை நீட்டுவாள். இன்று நீட்டவில்லை. பத்து வருடத்தில் அவளை அப்படி அவன் பார்த்ததில்லை. அவளுக்கு யாரென்று தெரியும். சொன்னால் தினேஸ்வரி வெளியே. சொல்லாவிட்டாலும் வெளியே.

“பிரேக்குக்கும் வெச்சிருந்தாங்கன்னு சொன்னீங்களே,” என்றாள் தினேஸ்வரி மெதுவாக. அவள் குரல் மாறிவிட்டிருந்தது. “ரெண்டு காடியிலயுமா?”

யாரும் பதில் சொல்லுமுன் கூட்டம் விலகியது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கையில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தோடு, நடந்து வந்து கயிற்றருகே நின்றாள்.

“நான்தான் வெச்சேன்,” என்றாள். “எம்பேரு நவமணி. இந்தப் பிள்ளையோட அம்மா.”

தினேஸ்வரி அசையாமல் நின்றாள். இரண்டு வருடமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசாத அம்மா. ரோட்டில் உயிரை விடப் போகிறவளுக்கு நான் சோறு ஆக்கமாட்டேன் என்று சொல்லி, சொன்னபடியே நின்றவள். பந்தயம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற அம்மா, ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து, ஏழாங்கட்டையில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

“மெங்லெம்பு கையுறை பேக்டரியில எனக்கு வேல,” என்று நவமணி ஜெயபாலனிடம் விளக்கினாள். “பூஜைக்கு எல்லா மிசினுக்கும் நான்தான் பொட்டு வெப்பேன். ஒண்ண விட்டா அது கோவிச்சுக்கும்னு சொல்வாங்க. இங்கயும் அப்படித்தான் வெச்சேன். கண்ணு மறைக்கும்னு எனக்குத் தெரியாதுங்க.”

“அம்மா, ஒங்க பொண்ணு ஓடற பாதையில...” என்று ஜெயபாலன் ஆரம்பித்தார்.

“எந்தப் பாதையில ஓடுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேக்கறதுக்கு நாங்க பேசிக்கிறதில்லையே. ரெண்டு பக்கமும் வெச்சேன். வரிசையில முன்னாடி நின்ன ரெண்டு காடி பிரேக்குக்கும் வெச்சேன். அந்தப் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளதானே. ரெண்டும் பத்திரமா நிக்கட்டும்னு வெச்சேன்.”

ஷர்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

மீனாள் இப்போதுதான் பேசினாள். “அண்ணே, எட்டாவது விதி எதுக்குப் போட்டது? ஒருத்தர் தன் ஆளுக்குச் சாதகம் தேடக் கூடாதுன்னு. இவங்க ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெச்சிருக்காங்க. நீங்க ரெண்டு பக்கமும் ஒரே அளவு தொடைச்சிருக்கீங்க. இதுல யாரு யாருக்குச் சாதகம் பண்ணாங்கன்னு எழுதப் போறீங்க?”

ஜெயபாலன் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார். ஷர்வினைப் பார்த்தார். “எனக்கு ஆட்சேபம் இல்லண்ணே,” என்றான் ஷர்வின். “திரும்ப ஓடுவோம்.” ஜெயபாலன் முட்டி போட்டு, மூன்றாவது கண்ணைத் தன் கையாலேயே துடைத்தார். பிறகு எதிர்ப் பக்கம் நடந்துபோய் அங்கேயும் துடைத்தார். பேனாவை எடுத்து, பந்தயத் தாளில் தினேஸ்வரியின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்பை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நிமிடத்தில் இரண்டு காடிகளும் கோட்டில் நின்றன. நவமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு மீனாளின் கையைப் பிடித்திருந்தாள். பிடித்த பிடியில் மீனாளின் வளையல் ஒன்று நெளிந்தது.

மஞ்சள் ஒன்று, இரண்டு, மூன்று. “அம்மா, பாருங்கம்மா, பாருங்க,” என்று பவித்ரன் உலுக்கியதில் அவள் கண்ணைத் திறந்தாள். பச்சை எரிந்தது. எரிந்த அதே நேரத்தில் நீலக் கஞ்சில் பாய்ந்தது. கொஞ்சம் பொறுத்து சத்ரியா அதைத் துரத்தியது. இருநூறு மீட்டரும் தினேஸ்வரி முன்னால் இருந்தாள். கடைசி ஒரு மீட்டரில் மட்டும் இல்லை. மூக்கு நுனி அளவில் ஷர்வின் ஜெயித்தான்.

பவித்ரன் தலையில் கை வைத்துக்கொண்டான். தினேஸ்வரி காடியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி, இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றினாள். நவமணி அவள் அருகே போனாள். மகளின் தோளை, கையை, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“பச்ச எரிஞ்சுச்சு,” என்றாள். “நான் பார்த்தேன். ஒனக்குத்தான் மொதல்ல எரிஞ்சுச்சு. ஜெயிச்சிட்ட இல்ல?”

பவித்ரன் அவசரமாக விளக்கம் சொல்ல வாயெடுத்தான். மீனாள் அவன் காலை மிதித்தாள்.

“ஆமாம்மா,” என்றாள் தினேஸ்வரி. “ஜெயிச்சிட்டேன்.”